லாரி டிராக்கர் ஏன் அடிக்கடி காணாமல் போகிறது?

கேள்வி இதுதான். 40 லாரிகள் ஓடும் ஒரு நிறுவனத்தில் மூன்று வண்டிகளின் டிராக்கர் மட்டும் அடிக்கடி "ஆஃப்லைன்" காட்டுகிறது. ஒரு வண்டி காலையில் கிளம்பினால் அரைமணி, முக்கால் மணி நேரம் மேப்பில் காணோம். இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டுகிறது. மூன்றாவது வண்டி நாட்டு எல்லையைத் தாண்டினால் ஒன்றிரண்டு நாள் சத்தமே இல்லை. கருவி விற்றவரைக் கேட்டால் "சாட்டிலைட் கனெக்‌ஷன் விட்டிருக்கும், தானாக வந்துவிடும்" என்கிறார். உண்மையில் சாட்டிலைட்தான் காரணமா, கருவியையே மாற்ற வேண்டுமா?

இந்தக் கருவிகளை மாட்டுவதும் கழற்றுவதும் பழுது பார்ப்பதும்தான் பல வருடமாக என் வேலை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஏனென்றால் "சாட்டிலைட் விட்டுவிட்டது" என்ற ஒரே பேச்சில் மூன்று நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்துகொள்கின்றன. அதை நம்பிக் காத்திருந்தால் எதுவும் சரியாகாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுக்கு உங்கள் லாரி இருப்பதே தெரியாது. அது பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தன் நேரத்தையும் தன் பாதையையும் ரேடியோ நிலையம் மாதிரி எல்லோருக்கும் ஒலிபரப்புகிறது. லாரியில் இருக்கும் கருவி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் சிக்னல் கிடைத்தால் தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். கணக்குப் போட்ட இடத்தை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவது தனி வேலை. பெரும்பாலான லாரிகளில் அதைச் செய்வது கருவிக்குள் இருக்கும் சிம் கார்டும் மொபைல் டவரும்தான். டவரே இல்லாத இடங்களில் ஓடும் வண்டிகளில் மட்டும் இரிடியம், இன்மார்சாட் போன்ற தகவல் தொடர்பு சாட்டிலைட் வழியாகப் போகும். இந்த இரண்டு வேலைகளுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: வண்டியின் கரண்ட். அது தடுமாறினால் மேலே இருக்கும் இரண்டும் சேர்ந்து விழும்.

ஆக, இடம் தெரியாமல் போவது வேறு, தெரிந்த இடத்தைச் சொல்ல முடியாமல் போவது வேறு, கருவியே மயங்கிக் கிடப்பது வேறு. மேப்பில் மூன்றும் ஒரே சாம்பல் நிற லாரியாகத்தான் தெரியும்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. வண்டி காணாமல் போன நேரத்தைவிட, அது திரும்பி வந்த நேரத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று, கருவி இடத்தைக் குறித்துக்கொண்ட நேரம். இன்னொன்று, அது சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். நல்ல கருவி எதுவும் டவர் இல்லாத நேரத்தில் சும்மா இருக்காது. குறித்ததையெல்லாம் தன் நினைவில் சேர்த்து வைத்து, தொடர்பு வந்ததும் மொத்தமாக அனுப்பும். அப்படி இரண்டு மணி நேரப் பாதையும் பிறகு ஒழுங்காக வந்து சேர்ந்தால், ஜிபிஎஸ், கரண்ட் இரண்டும் நன்றாக இருந்தன, அனுப்பும் வழிதான் அடைபட்டிருந்தது என்று அடித்துச் சொல்லலாம். அந்த இரண்டு மணி நேரம் எப்போதுமே வரவில்லை, பாதையில் ஓட்டைதான் இருக்கிறது என்றால், கருவி அப்போது இறந்து கிடந்தது. பதிவுகள் வரிசையாக வந்திருக்கின்றன, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே இடம், சாட்டிலைட் எண்ணிக்கை பூஜ்யம் என்றால், கருவி உயிரோடுதான் இருந்தது, பேசவும் செய்தது, வானம் மட்டும் அதற்குத் தெரியவில்லை. உங்கள் மேப் மென்பொருளில் இந்த விவரம் முன்பக்கத்தில் இருக்காது. "ரா டேட்டா" என்றோ "பதிவுகள்" என்றோ உள்ளே எங்காவது இருக்கும். இல்லையென்றால் மென்பொருள் கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டிய விவரம் அது.

சரி, இப்போது உங்கள் முதல் வண்டிக்கு வருகிறேன். காலையில் கிளம்பும்போது காணாமல் போவது. இதில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் கரண்ட் மேல்தான். நான் பார்த்த "சாட்டிலைட் பிரச்சினை"களில் பெரும்பாலானவை ஒரு ஒயர் நுனியில்தான் முடிந்திருக்கின்றன.

செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து பல நூறு ஆம்பியர் இழுக்கிறது. பேட்டரி கொஞ்சம் பழையதாக இருந்தால், 12 வோல்ட் வண்டியில் ஒரு நொடிக்கு 7, 8 வோல்ட் வரைகூட இறங்கிவிடும். பல டிராக்கர்கள் 9 வோல்ட்டுக்குக் கீழே தாங்காது. அந்த ஒரு நொடியைக் கடந்துவிடத்தான் கருவிக்குள் சின்னதாக ஒரு பேக்கப் பேட்டரி வைக்கிறார்கள். வெயிலில் சூடேறும் டேஷ்போர்டுக்குள் அந்த லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சக்தியிழந்துவிடும். கடும் குளிரில் வேறு சிக்கல்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும் என்பதால் கருவி சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். பேக்கப் செத்துப்போனது யாருக்கும் தெரியாது. செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கருவி அணைந்து புதிதாக எழும். சில சமயம் முழுதாகவும் அணையாது. வோல்டேஜ் பாதி இறங்கிய நிலையில் உள்ளே டவரோடு பேசும் மோடம் உறைந்துபோய், விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கருவியின் காவல் நிரல் அதைக் கண்டுபிடித்து மோடத்தை மறுபடி தட்டி எழுப்ப அரைமணி நேரம்கூட ஆகலாம்.

டிரைவர் இரவில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். தீ ஆபத்து இல்லாமல் இருக்க, பேட்டரி இறங்காமல் இருக்க, அப்படிச் செய்வது சரியான பழக்கம்தான். டிராக்கரின் ஒயரை அந்த சுவிட்சுக்கு முன்னால் கொடுத்திருந்தால் பாதிப்பு இல்லை. பின்னால் கொடுத்திருந்தால், இரவு முழுவதும் கருவி செத்துக் கிடந்து காலையில் ஒன்றும் நினைவில்லாமல் எழுகிறது. அப்படி எழும் கருவிக்கு முதலில் சாட்டிலைட்டுகளின் பாதை விவரம் வேண்டும். ஒவ்வொரு ஜிபிஎஸ் சாட்டிலைட்டும் அந்த விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை, நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் சொல்லும். அதில் 18 நொடி விடாமல் கேட்டால்தான் அந்த சாட்டிலைட்டைக் கணக்கில் சேர்க்க முடியும். வண்டி திறந்த மைதானத்தில் நின்றால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் டிரைவர் உடனே வண்டியை எடுத்து, உயரமான கட்டிடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே ஓட்டிக்கொண்டு போனால், பத்தாவது நொடியில் ஒரு கட்டிடம் மறைக்கும், மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இரவில் கரண்ட் இருந்திருந்தால் கருவி அவ்வப்போது விழித்து இந்த விவரத்தைப் புதுப்பித்திருக்கும். ஒரு முறை வாங்கிய விவரம் சுமார் நான்கு மணி நேரம்தான் செல்லும்.

இவ்வளவுக்கும் மேலே எர்த், அதாவது கருவியின் கறுப்பு ஒயர் வண்டியின் இரும்போடு சேரும் இடம். ஒரு வண்டியில் இரண்டு முறை கருவி மாற்றியும் பழுது போகவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 24.6 வோல்ட், குறையே இல்லை. டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தேன். கருவியின் கறுப்பு ஒயரை, பெயின்ட் அடித்த ஒரு தகட்டின் மேல், வேறு ஏதோ பிராக்கெட்டைப் பிடித்திருந்த திருகுக்கு அடியில் செருகியிருந்தார்கள். திருகைக் கழற்றினேன். பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. திருகின் மரை பட்ட இடத்தில் மட்டும் வெறும் இரும்பு, அதிலும் துரு. மீட்டருக்குக் கரண்ட் ஏறக்குறைய வேண்டியதே இல்லை, அதனால் துரு வழியாகக்கூட முழு வோல்டேஜைக் காட்டும். கருவி அப்படி இல்லை. மோடம் டவரோடு பேசும் கணத்தில் திடீரென்று கரண்ட் இழுக்கும். 24 வோல்ட் பக்கத்தில் 0.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த இணைப்பில் 20 ஓம் தடை இருந்தால் 8 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் வண்டியில் இழுக்கும் கரண்ட் இரு மடங்கு, கையில் இருப்பதோ பாதி வோல்டேஜ். கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கும் கருவி, வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் மயங்கி விழுவது இதனால்தான்.

அதனால் நான் மீட்டரை மட்டும் நம்புவதில்லை. டிராக்கரைக் கழற்றி, அதன் ஒயர்களில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டிப் பார்ப்பேன். பல்ப் பளிச்சென்று எரிந்தால் ஒயரிங் நல்லது. மங்கினால், அல்லது டேஷ்போர்டைத் தட்டும்போது சிமிட்டினால், பழுது கைக்குக் கிடைத்துவிட்டது. அந்த வண்டியில் செய்தது இவ்வளவுதான்: பெயின்டைச் சுரண்டி, வளைய முனை போட்டு, கம்பெனி கொடுத்த எர்த் போல்ட்டில் தனியாக முறுக்கினேன். மூன்றாவது கருவி வாங்க வேண்டி வரவில்லை.

24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். அதில் ஒன்றின் தலையிலிருந்து மட்டும் டிராக்கருக்கு 12 வோல்ட் எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இது தவறான வேலை. ஒரு பேட்டரி மட்டும் தேய்ந்துகொண்டே போய், கடைசியில் வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

கரண்ட் பற்றி இன்னும் ஒன்று. ஆஃப்லைன் என்று தெரிவதெல்லாம் பழுது ஆகாது. இக்னிஷன் அணைந்ததும் பேட்டரியைக் காப்பாற்றக் கருவி தூங்கப் போகும். ஒரு மணி நேரத்துக்கோ ஆறு மணி நேரத்துக்கோ ஒரு முறை விழித்து "இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும். மேப் மென்பொருளில் "30 நிமிடம் தகவல் இல்லையென்றால் ஆஃப்லைன்" என்று வைத்திருந்தால், நிம்மதியாகத் தூங்கும் வண்டியெல்லாம் சிவப்பில் எரியும். டிரெய்லரில் மாட்டும் கருவிகளில் இது இன்னும் அதிகம். அவற்றுக்கு முன் வண்டியோடு இணைத்திருக்கும்போது மட்டும்தான் கரண்ட். கழற்றி யார்டில் விட்டால் சொந்த பேட்டரியோ சோலார் தகடோதான் துணை. இரண்டு வாரம் கூரைக்கு அடியில் நின்ற டிரெய்லர் மௌனமாகிவிடுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இனி இரண்டாவது வண்டி. ஓடும்போது மேப்பில் ஒரே இடத்தில் நிற்பது. பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன என்பதால் கரண்டும் சிம்மும் நலம். வானம் தெரியாத கருவி, கடைசியாகத் தெரிந்த இடத்தையே புது நேரம் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கும். கருவி இதில் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு பதிவிலும் இடக்கணக்கு நம்பத்தக்கதா என்று ஒரு குறி இருக்கும். ஜிபிஎஸ் ரிசீவர்கள் பொதுவாகப் பேசும் மொழியில் 'ஏ' என்றால் நம்பலாம், 'வி' என்றால் நம்பக்கூடாது. பல மேப் மென்பொருள்கள் அந்தக் குறியைத் தூக்கிப் போட்டுவிட்டு லாரி படத்தை மட்டும் வரைகின்றன. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. கருவி சொன்ன எச்சரிக்கையை மறைத்துவிட்டு, டிரைவர் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினார் என்று அவர் மேல் பழி போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு. ஆன்டெனாவிலும் கருவியிலும் இயல்பாக இருக்கும் மின்னணு இரைச்சலைவிடவும் இது தாழ்ந்தது. எந்தக் குறி எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் ரிசீவரால் அதைத் தோண்டி எடுக்க முடிகிறது. இவ்வளவு மெல்லிய ஒன்றைத் தகட்டுக்கு அடியில் ஆன்டெனாவை வைத்துவிட்டுக் கேட்க முடியாது. திருடர் கண்ணில் படக்கூடாது என்று கருவியை டேஷ்போர்டின் ஆழத்தில், இரும்பு பிராக்கெட்டுக்கு அடியில், முகம் கீழே பார்க்க ஒட்டியிருப்பார்கள். கருவியின் மூடியில் "இந்தப் பக்கம் வானம்" என்று அச்சிட்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி, உள்ளே சூடேற்றும் கம்பிகள் ஓடும் கண்ணாடி, புதிதாக ஒட்டிய உலோக ஃபிலிம் எல்லாமே சிக்னலை விழுங்கும். கூரை மேல் இருக்கும் ஆன்டெனாவின் மேல் காய்ந்த சேறு பெரிதாகக் கெடுக்காது. ஈரமான பனிக்கட்டியும் தேங்கிய தண்ணீரும் கெடுக்கும். ஆன்டெனா ஒயரை இருக்கையின் போல்ட்டுக்கு அடியில் நசுக்கி வைத்திருப்பதும், அதன் திருகு இணைப்பு அதிர்ச்சியில் அரை சுற்று கழன்றிருப்பதும் நான் மாதத்துக்கு ஒன்று பார்ப்பது.

ஓடும்போது மட்டும் வருகிறது, யார்டில் சோதித்தால் நன்றாக இருக்கிறது என்றால் இன்னொன்றையும் தேடுங்கள். ஒரு வண்டியில் இதே கதை. யார்டில் 12 சாட்டிலைட், ஒவ்வொன்றின் சிக்னல் அளவும் 42, 44 என்று அழகாக இருந்தது. டிரைவரோடு ஏறி உட்கார்ந்தேன். அவர் வண்டியை எடுத்ததும் வழக்கம்போல சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் டேஷ்கேம் சார்ஜரைச் செருகினார். என் லேப்டாப்பில் எண்கள் எல்லாம் சட்டென்று 20-களுக்கு இறங்கின. 12 சாட்டிலைட் மூன்றாகிவிட்டது. சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன், பத்து நொடியில் எல்லாம் திரும்பி வந்தது. செருகச் சொன்னேன், மறுபடி விழுந்தது. மலிவான டேஷ்கேமும் சார்ஜரும் சில எல்இடி விளக்குகளும் வெளியே தெரியாமல் ரேடியோ இரைச்சல் கக்கும். அது ஜிபிஎஸ் கேட்கும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுந்தால் கருவி செவிடாகிவிடும். டிரைவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. அவர் தன் பாதுகாப்புக்குத்தான் கேமரா வைத்திருந்தார். கேமராவை வேறு சார்ஜரில் கொடுத்து, டிராக்கர் ஆன்டெனாவைக் கண்ணாடியின் மறு மூலைக்கு நகர்த்தினோம்.

தெரிந்தே செய்வதும் உண்டு. அதே சாக்கெட்டில் செருகி, இரைச்சல் கக்கி ஜிபிஎஸ்ஸைச் செவிடாக்கும் ஜாமர் என்ற பொருளைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன, ஆனாலும் கிடைக்கிறது. அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில், விமானங்கள் தரையிறங்க உதவும் ஜிபிஎஸ் அமைப்பு அடிக்கடி தடுமாறியது. 2012-இல் தேடிப் பார்த்தபோது, நிறுவனம் தன்னைக் கண்காணிக்கக்கூடாது என்று ஒரு டிரைவர் வண்டியில் வைத்திருந்த ஜாமர்தான் காரணம் என்று தெரிந்தது. 2013-இல் அவருக்கு விதிக்க முன்மொழிந்த அபராதம் 31,875 டாலர். ஜாமர் இருந்தால் பதிவில் அதன் தடம் தெரியும்: எல்லா சாட்டிலைட்டும் ஒரே நொடியில் விழும், ஒரே நொடியில் திரும்பும். கட்டிடமோ மரமோ மறைத்தால் ஒவ்வொன்றாகத்தான் குறையும். ஆனால் மேலே சொன்ன டேஷ்கேம் கதையும் ஏறக்குறைய இதே தடத்தைத்தான் விடும். அதனால் யாரையும் குற்றம் சொல்லும் முன் வண்டியில் ஏறிப் பாருங்கள்.

மூன்றாவது வண்டி சிம் சம்பந்தப்பட்டது. எல்லை தாண்டும்போது சொந்த நெட்வொர்க் மெல்ல மங்கும். கருவி அந்தக் கடைசி மெல்லிய சிக்னலையே பிடித்துக்கொண்டு தொங்கும். விட்ட பிறகு எல்லா அலைவரிசைகளையும் வரிசையாகத் தேடும், இதற்கே பல நிமிடம் ஆகும். புது நாட்டு நெட்வொர்க் ஒன்றைக் கண்டு கதவைத் தட்டும். உங்கள் சிம் நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் இல்லையென்றால் "உனக்கு இங்கே அனுமதி இல்லை" என்று மறுத்துவிடுவார்கள். இங்கேதான் முக்கியமான விஷயம். அந்த மறுப்பை சிம் தன் நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். தடை செய்யப்பட்ட நெட்வொர்க்குகள் என்று ஒரு சின்னப் பட்டியல் சிம்முக்குள் இருக்கிறது. அதில் பெயர் ஏறிவிட்டால், கருவி தானாக அந்த நெட்வொர்க்கை மறுபடி முயலாது. எல்லையில் ஏதோ தற்காலிகக் கோளாறால் ஒரு முறை மறுத்திருந்தாலும் அதே கதிதான். கையில் வைத்திருக்கும் போனில் நீங்களே நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துச் சரி செய்வீர்கள். டிராக்கருக்கு யார் செய்வது? அந்தப் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி தேடும்படி கருவியின் அமைப்பில் எழுதி வைக்க வேண்டும். நல்ல கருவிகளில் இந்த வசதி உண்டு, பெரும்பாலும் அணைத்து வைத்திருப்பார்கள். அதோடு சிம்மில் ரோமிங் திறந்திருக்கிறதா, கருவியில் ரோமிங் டேட்டா அனுமதி இருக்கிறதா, ஏபிஎன் பெயர் (சிம் இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயர்) சரியா என்று மூன்றையும் பாருங்கள். வெளிநாட்டு சிம் நிரந்தரமாகத் தங்கிவிடுவதை சில நாடுகளின் விதிகள் அனுமதிப்பதில்லை. வண்டி அங்கே மாதக்கணக்கில் ஓடினால் ஒரு நாள் திடீரென்று துண்டித்துவிடுவார்கள்.

எல்லை தாண்டாத வண்டிகளிலும் சிம் பக்கத்தில் ஒரு மறைவான பழுது உண்டு. கருவி சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேச்சு இல்லையென்றால் மொபைல் நிறுவனம் இரண்டு பக்கமும் சொல்லாமல் நடுவில் அந்த இணைப்பை மறந்துவிடும். கருவி, இணைப்பு இருக்கிறது என்று நம்பி அதிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வருக்கு எதுவும் வராது. சில நிமிடத்துக்கு ஒரு முறை சின்னதாக ஒரு துடிப்பு அனுப்பவும், சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் இணைப்பைப் புதிதாகத் திறக்கவும் கருவியில் அமைத்தால் போதும்.

அப்புறம், நெட்வொர்க்கே மூடிவிடுவது. மொபைல் நிறுவனங்களில், அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியிலும் வெரைசன் அந்த ஆண்டு இறுதியிலும் 3ஜி-யை நிறுத்தின. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2024 அக்டோபரில் நிறுத்தியது. அந்தத் தலைமுறை மோடம் உள்ள கருவிகளுக்கு அதன் பிறகு மருந்தே கிடையாது. பழைய கருவி வைத்திருப்பவர்கள் தங்கள் மொபைல் நிறுவனத்திடம் இதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் வண்டிகளில் தகவலும் சாட்டிலைட் வழியாகவே போகிறதென்றால் கணக்கு கொஞ்சம் மாறும். இரிடியத்தில் 66 சாட்டிலைட்டுகள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகின்றன. ஒன்று தலைக்கு மேல் சில நிமிடமே இருக்கும், பிறகு அடுத்தது வர வேண்டும். பள்ளத்தாக்கில் போகும் வண்டிக்குத் தொடர்பு விட்டு விட்டு வரும், ஆனால் கொஞ்சம் காத்திருந்தால் வந்துவிடும். இன்மார்சாட் சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிற்பவை. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போக அவை வானத்தில் தாழ்ந்து தெரியும். அந்தத் திசையில் ஒரு மலையோ, பக்கத்தில் ஒரு உயரமான கன்டெய்னர் வண்டியோ நின்றால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தொடர்பு வராது. வண்டியைப் பத்து மீட்டர் நகர்த்தினால் வந்துவிடும். இன்னொரு விஷயம்: இரிடியம் கருவி பேசும் அலைவரிசை 1616 முதல் 1626.5 மெகாஹெர்ட்ஸ், ஜிபிஎஸ்ஸுக்கு மிக அருகில். இரண்டு ஆன்டெனாக்களையும் ஒட்டி வைத்தால், ஒன்று பேசும்போது இன்னொன்றுக்குக் காது கேட்காது.

உண்மையிலேயே விண்வெளியில் கோளாறு நடப்பதும் உண்டு. 2019 ஜூலையில் ஜிபிஎஸ் போலவே இடம் சொல்லும் ஐரோப்பாவின் கலிலியோ சேவை ஏறக்குறைய ஒரு வாரம் நின்றது. 2023 ஏப்ரலில் ஒரு இன்மார்சாட் சாட்டிலைட் முடங்கியபோது ஆஸ்திரேலியாவில் ஜிபிஎஸ் இடக்கணக்கைத் துல்லியமாக்கும் அதன் திருத்தச் சிக்னலை நம்பிய டிராக்டர்கள் வயலில் நின்றன. 2024 மே மாதச் சூரியப் புயலில் துல்லிய ஜிபிஎஸ் கருவிகள் தடுமாறின. ஆனால் இவை வந்தால் உங்கள் 40 வண்டிகளும் ஒன்றாகப் பாதிக்கப்படும். மூன்று வண்டியை மட்டும் பொறுக்கி எடுக்கும் சூரியப் புயல் கிடையாது.

எல்லா வண்டியும் ஒரே நாளில் போனால் பெரும்பாலும் சர்வர் பக்கம்தான் தேட வேண்டும். 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி இணையத்தில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் (எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று கருவி சரிபார்க்க உதவுவது) காலாவதியானது. அதை மட்டும் நம்பிய பழைய கருவிகள் பல, சர்வரை அந்நியராக நினைத்துக் கதவடைத்துக்கொண்டன. ஜிபிஎஸ் தேதியை வார எண்ணாகச் சொல்லும், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய சிக்னல் வடிவத்தில் வாரத்தின் எண் 1023-க்கு மேல் போகாது, அதன் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பர். ஆனால் ஒவ்வொரு ரிசீவரும் அதன் மென்பொருள் எழுதப்பட்ட நாளைப் பொறுத்து நடுவிலும் தடுமாறலாம். அப்போது கருவி சரியான இடத்தை, இருபது வருடத்துக்கு முந்தைய தேதி போட்டு அனுப்பும். சர்வர் அதைப் பழைய குப்பை என்று ஒதுக்கிவிடும். கருவியும் நலம், சிம்மும் நலம், மேப்பில் மட்டும் வண்டி இல்லை. மென்பொருளைப் புதுப்பித்தால் தீரும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மூன்று வண்டிகளின் ஒரு வாரத்து முழுப் பதிவையும் எடுங்கள். குறித்த நேரம், வந்த நேரம், சாட்டிலைட் எண்ணிக்கை, வெளி வோல்டேஜ், பேக்கப் பேட்டரி வோல்டேஜ், மொபைல் சிக்னல் அளவு ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காணாமல் போவதற்கு முந்தைய கடைசிப் பதிவில் வெளி வோல்டேஜ் விழுந்திருக்கிறதா, சாட்டிலைட் குறைந்திருக்கிறதா, மொபைல் சிக்னல் மங்கியிருக்கிறதா என்பதிலேயே பாதி பதில் இருக்கும்.

அதன் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், புதுக் கருவிக்குப் பணம் கொடுக்கும் முன், முதல் வண்டியின் கருவியை நன்றாக ஓடும் ஒரு வண்டியிலும், அந்த வண்டியின் கருவியை முதல் வண்டியிலும் மாற்றி மாட்டுங்கள். சிம்மைக் கருவியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஒரு வாரம் ஓடட்டும். பழுது கருவியோடு புது வண்டிக்குப் போனால் கருவியையும் சிம்மையும் பாருங்கள். பழைய வண்டியிலேயே தங்கிவிட்டால், டேஷ்போர்டைக் கழற்றி அந்தக் கறுப்பு ஒயர் எங்கே போய் முடிகிறது என்று கையால் தடவிக்கொண்டே போங்கள்.